மூன்றாம் டேங்குக்கு ஒன்பது மார்க்

கலைமதி அக்காவைப் பற்றி யாரிடம் பேச்சை எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அந்தம்மா குடிக்குமா?" கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. குடிக்க மாட்டார். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கிளாஸில் இரண்டிரண்டு வாய் பீர் விழுங்குவார். அது வேலை. ஒயின் ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிடலாம். பீரைத் துப்பினால் பாதி சேதி போய்விடும். அதன் கசப்பு அடித்தொண்டையைத் தாண்டும்போதுதான் சரியாகத் தெரியும். இதை அவருடைய வீட்டுக்காரர் பாலகுருவிடம் நான் மூன்று தடவை விளக்கியிருக்கிறேன். மூன்று தடவையும் அவர் கடையில் குவார்ட்டர் அடித்துவிட்டு வந்து நின்றுதான் கேட்டார். அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

என் பெயர் வெற்றிச்செல்வன். பெருமுக்கல் பக்கம் விவசாயக் குடும்பம். காலாப்பட்டு தாண்டி, புதுச்சேரி எல்லைக்குள், கடற்கரை ஓட்டல் ஒன்றின் பின்கட்டில் இருக்கும் சின்ன ஆலையில் பீர் காய்ச்சும் வேலை. ஒரு தடவைக்கு ஐந்நூறு லிட்டர், நான்கு டேங்க், காய்ச்சுகிற பீரை அந்த ஓட்டலிலேயே குழாயில் பிடித்துக் கொடுப்பது. அவ்வளவுதான் எங்கள் ராஜ்யம்.

கலைமதி அக்கா மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டின தெருவிலிருந்து பஸ் ஏறி வருவார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், முப்பத்தெட்டு இருக்கும். பதினைந்து வயதிலிருந்து அளத்தில் உப்பு சுமந்தவர். உள்ளங்கால் வெடித்து, வெடிப்பில் உப்புத்தண்ணீர் இறங்கி, புண் ஆறவே ஆறாமல் போன பிறகு அளத்தை விட்டுவிட்டு எங்களிடம் டேங்க் கழுவ வந்தார். வந்த முதல் வாரமே, நான் பீரின் அடர்த்தியைப் பார்க்கக் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டபோது எட்டிப் பார்த்து, "இது எங்க அளத்துல இருக்குற டிகிரி மீட்டர்தானே சார்?" என்றார். அளத்தில் உப்புத்தண்ணீர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அதே மாதிரிக் குழலில்தான் பார்ப்பார்களாம். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் பதினைந்து வயதில் பார்த்துவிட்டிருந்தார்.

அப்புறம் ஒரு நாள், கழுவிக்கொண்டிருந்தவர் மூக்கைச் சுளித்தார். "சார், இந்த டேங்குல நெய் காய்ச்சுற வாசம் அடிக்குது."

நான் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் வேலையில் மூக்கை நுழைக்கிறாரே என்று எரிச்சல்கூட வந்தது. சாயங்காலம் கொஞ்சம் பீரைப் பிடித்து வெந்நீரில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். நெய்யேதான். ஈஸ்ட் வேலையை முடிக்காமல் பாதியில் படுத்துவிட்டால் வருகிற வாசம் அது. இன்னும் நான்கு நாள் விட்டுவைத்தால் போய்விடும். விட்டுவைத்தேன், போய்விட்டது. மறுநாள் அவர் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் அவர் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நான் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். அவர் "வேகவெச்ச சோளக்கருது" என்பார், "மழையில நனஞ்ச அட்டப்பொட்டி" என்பார், "தீக்குச்சி கிழிச்ச மாதிரி" என்பார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். கசப்பில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. எப்படி என்று கேட்டதற்கு, அளத்தில் புதிதாக வாரிய உப்பை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கத்தைச் சொன்னார். தண்ணீரை ரொம்ப நாள் விட்டுவிட்டால் உப்போடு கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும். அந்த உப்பை யாரும் எடுக்க மாட்டார்கள். "உப்பு கரிக்கத்தான் செய்யும் சார், அதக் கண்டுக்கக் கூடாது. அதுக்கு உள்ள கசப்பு ஒளிஞ்சிருக்குதான்னு தேடணும்." அன்றைக்கு இது எனக்குப் பெரிய வித்தையாகத் தெரிந்தது. அதிலேயே ஒரு குழி இருந்ததை நான் கவனிக்கவில்லை.

வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக 'க்ளீனிங்' என்றுதான் இருந்தது. அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னார்:

"சாயந்தரம் பஸ்ல பக்கத்து சீட்டு பொம்பள எழுந்து வேற சீட்டுக்குப் போவுது சார். ஏலக்கா மென்னுட்டுத்தான் ஏர்றேன், அப்பவும் வாசம் வருது. எங்க கரையில கள்ளச்சாராயத்தக் குடிச்சிட்டு எத்தினி பேரு செத்தாங்க, அந்த ஊருக்கு நான் இப்படிப் போய் எறங்குறேன். எம் பொண்ணுகிட்ட கேக்குறாங்க, உங்கம்மா இன்னா வேல செய்யுதுன்னு. ஒரு பேப்பர் வேணும் சார். ருசி பாக்குறதுதான் இவங்க வேலன்னு, சீல் வெச்சு ஒரு பேப்பர்."

முதலாளி சிவஞானத்திடம் நான் ஆறு மாதம் இதைச் சொன்னேன். ஓட்டல் வைத்திருக்கிறாரே தவிர, அவருக்குப் பீரில் தெரிந்தது அது மஞ்சளாக இருக்கும் என்பதுதான். கடைசியில், "பெங்களூர்ல போட்டி வருதில்லப்பா, அதுல நம்ம பீர் ஏதாச்சும் வாங்கட்டும். அந்தம்மாவுக்கு டேஸ்டர்னு நானே ஆர்டர் அடிச்சுக் குடுக்கறேன்" என்றார்.

போட்டிக்குப் பில்ஸ்னர் என்கிற வெளிர்மஞ்சள் பீரை அனுப்புவது என்று முடிவானது. யார் கண் பட்டதோ, அந்த முடிவை எடுத்தவன் நான்தான். மற்ற பீர்களில் முளைகட்டிய பார்லியைக் கருக்கலாம், பழத்தைப் போடலாம், மசாலாவைக் கொட்டலாம், ஒரு குறையை இன்னொன்றால் மூடலாம். பில்ஸ்னரில் ஒளிய இடம் கிடையாது. வெளிறின பார்லி, கசப்புக்குக் கொஞ்சம் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், பாக்கியெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரும் மழைத்தண்ணீர் போல் மெத்தென்று இருக்க வேண்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் போர் போட்டுக்கொண்டு இதற்கு ஆசைப்பட்டால் உப்பை வடிகட்டுகிற ஆர்.ஓ. பிளான்ட்டைத்தான் நம்ப வேண்டும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மூன்று டேங்க் காய்ச்சினேன். ஆறு வாரம் குளிரில் கிடந்தால்தான் பில்ஸ்னர் பில்ஸ்னராகும். சிவஞானம் வாரா வாரம் வந்து, "இன்னும் ஆவலியா? இட்லி மாவுகூட ஒரு ராத்திரியில புளிக்குதேப்பா" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் முதல் வாரம், காலை பத்து மணிக்கு, மூன்று கிளாஸை ஜன்னலோரம் வைத்தேன். அக்கா காலையில் காப்பிகூடக் குடிக்காமல் வந்திருந்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தார். கிளாஸின் வாயைக் கையால் மூடி, திறந்து மோந்தார். பிறகு ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய்.

முதல் டேங்க்: "சோளம் வருது. ஆறு." இரண்டாவது: "சுத்தமா இருக்குது. ஆனா கசப்பு தனியா தொண்டையில நின்னுக்குது, எறங்க மாட்டேங்குது. எட்டு." மூன்றாவதை விழுங்கியதும் அவர் முகம் தளர்ந்தது. இன்னொரு வாய் குடித்தார். விதியை மீறி மூன்றாவது வாயும் குடித்தார்.

"இதுதான் சார். கசப்பு உறுத்தல. தண்ணி மாதிரி எறங்குது. ஒம்போது."

நானும் குடித்துப் பார்த்தேன். முடிவில் ஏதோ ஒன்று தடிப்பாக நாக்கில் உட்கார்ந்தது. இரண்டாவதுதான் நல்லது என்று எனக்குப் பட்டது. ஆனால் இரண்டு வருஷம் தப்பாத நாக்கு எதிரே உட்கார்ந்து சிரிக்கிறது. என் நாக்கின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. மூன்றாம் டேங்கைப் பாட்டிலில் அடைத்து அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து நடுவர்களின் தாள் வந்தது. மூன்று பேர், மூன்று கையெழுத்து, ஒரே குற்றச்சாட்டு. நிறத்துக்கும் நுரைக்கும் நல்ல மார்க். வாசம் நன்று. கடைசி வரியில் ஒருவர், "முடிவில் தெளிவான உப்பு. தண்ணீரைப் பாருங்கள்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

தண்ணீரைப் பார்த்தேன். ஆர்.ஓ. பிளான்ட்டில் உப்பை வடிகட்டும் மெம்பரேன் செத்துப்போயிருந்தது. கோடையில் போர் தண்ணீர் கரிக்கக் கரிக்க, அது ஏப்ரலிலேயே கையைத் தூக்கிவிட்டது. தண்ணீரின் உப்பைக் காட்டும் மீட்டர் அதற்கும் முன்னால், மார்ச்சிலேயே பழுது. அதன் மேல் 'மாற்ற வேண்டும்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. என் கையெழுத்துதான். ஓங்கி அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. மீட்டரை மாற்றாமல் ஒரு மனுஷியின் நாக்கை மீட்டராக்கி வைத்திருந்தவன் நான்.

சென்னையிலிருந்து ஆள் வந்து இரண்டே நாளில் புது மெம்பரேன் மாட்டிவிட்டுப் போனான். பீருக்கு ஒன்று என்றால் எங்கள் முதலாளிக்கு எல்லாம் இரண்டு நாளில் நடக்கும். ஆனால் அவர் கத்தியது என் மேல் இல்லை, அக்காவின் மேல்.

"உப்பளத்துலேருந்து வந்த பொம்பளைக்கு உப்பு தெரியலன்னா அத நான் எங்கப்பா போய்ச் சொல்றது? சோத்துல உப்பு போட்டுத்தானே திங்குது? நாளையிலேர்ந்து அது கையில கிளாஸ் இருக்கக் கூடாது. டேங்க கழுவட்டும்."

"தப்பு என்னுது சார். மீட்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒம்போது மார்க்கு யாரு போட்டது?"

அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். என்னிடம் வந்தபோது அழவில்லை, கோபமாக இருந்தார்.

"நான் பொய்யா மார்க்கு போட்டேன்? எனக்கு அதுல உப்பே தெரியல சார். இப்ப குடுங்க, இப்பவும் சொல்றேன், தெரியாது."

அதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தோம். ஐந்து கிளாஸில் சுத்தத் தண்ணீர். முதலாவதில் உப்பே இல்லை. மற்றவற்றில் லிட்டருக்கு அரை கிராம், ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போய், இடம் மாற்றி வைத்தேன். ஸ்டோர் பார்க்கும் ரேணுகாவைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னேன். ஒரு கிராம் கிளாஸிலேயே "சீ, உப்பு" என்று வைத்துவிட்டாள். அக்கா ஒவ்வொன்றாகக் குடித்தார். உப்பில்லாத கிளாஸுக்கு முகம் சுளித்து, "இது சப்புனு இருக்குது, ஏதோ கொறையுது" என்றார். ஒரு கிராம் கிளாஸுக்கு, "இது நல்ல தண்ணி" என்றார். ஒன்றரைக்கும் அதுதான். இரண்டு கிராமில்தான் நின்று, "இதுல லேசா" என்றார்.

எந்தக் கிளாஸில் எவ்வளவு என்று நான் சொன்னேன். அவர் ஒரு கிராம் கிளாஸைத் திரும்பத் தூக்கிப் பார்த்தார்.

"இது எங்கூட்டுத் தண்ணி மாதிரியே இருக்குது சார்," என்றார். "எங்க தெரு போர்ல வர்ற தண்ணி இப்படித்தான் இருக்கும்."

பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர். அதன் மேல், உப்பு கரித்தால் கண்டுக்காதே என்று அளம் பழக்கிவைத்த நாக்கு.

"இத மாத்த முடியுமா?" என்றார்.

"தெரியாதுக்கா. உப்பக் கொறச்சு, சுத்தத் தண்ணியே குடிச்சா கொஞ்ச மாசத்துல நாக்கு மாறும்னு சொல்றாங்க."

"எத்தினி மாசம்?"

"தெரியாது."

"உங்களுக்கு எதுதான் சார் தெரியும்?" என்று கேட்டுவிட்டு டேங்க் கழுவப் போனார். நியாயமான கேள்விதான்.

அன்றிலிருந்து ஆலையின் தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் பிடித்துப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனார். சோறு அதில் வடித்தார். தனக்கு மட்டும் குழம்பை உப்புப் போடுவதற்கு முன்னால் தனியாக மொண்டு வைத்துக்கொண்டார். மூலையில் சாக்கு நிறைய உப்பு இருக்கிற வீட்டில் ஒருத்தி உப்பில்லாமல் சாப்பிட்டால் சும்மா விடுவார்களா? "எங்கூட்டுக்காரரு சிரிக்கிறாரு சார். இன்னா கலை, இப்ப சோத்துல உப்பே போட்டுக்கறதில்லியே, ரோசம் மட்டும் எங்கேர்ந்து வருதுன்னு கேக்குறாரு." தெருவில், பீர் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப்போச்சு, அதான் பத்தியம் என்று பேசிக்கொண்டார்களாம். பேப்பர் வேண்டும் என்றவருக்கு இந்தப் பெயர்தான் கிடைத்தது.

வாரம் ஒரு நாள் ஐந்து கிளாஸ் வைப்பேன். முதல் ஐந்து வாரம் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கே வெறுத்துவிட்டது, நிறுத்திவிடலாம் என்றேன். "நீங்க கிளாஸ வெய்யுங்க" என்றார். ஏழாவது வாரம் ஒன்றரை கிராமில் நின்றார். பத்தாவது வாரம் ஒன்றில். பதின்மூன்றாவது வாரம் அரை கிராம் கிளாஸை வாயில் வைத்ததும் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ரேணுகாவுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

சிவஞானத்தை இழுத்துவந்து எதிரில் உட்கார வைத்தேன். புதுப் பில்ஸ்னர் ஐந்து கிளாஸ், அதில் ஒன்றில் மட்டும் துளி உப்பு. எது என்று எனக்கே தெரியாதபடி ரேணுகா ஊற்றிக்கொண்டு வந்தாள். அக்கா நான்காவது கிளாஸைத் தள்ளி வைத்து, "இதுல உப்பு. இது இல்லாமப் பாத்தா பீரு நல்லா இருக்குது. ரெண்டாவது கிளாஸு மட்டும் சரியாக் கழுவல, சோப்பு வாசம் அடிக்குது" என்றார். ரேணுகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலாளி நான்காவதையும் ஐந்தாவதையும் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தானேப்பா இருக்குது" என்றார். ஆனாலும் நான்கு நாள் கழித்து ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். 'ருசி பரிசோதகர்' என்று, ஆலையின் சீலோடு.

அன்று சனிக்கிழமை, அக்கா கிளம்பிவிட்டிருந்தார். திங்கள்வரை பொறுக்க மனசில்லாமல் ஞாயிறு காலை பைக்கில் மரக்காணம் போனேன். வழி நெடுகப் பாத்திகள் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தன. பாலகுரு வாசலில் வலை நாற்காலியைப் போட்டார். ஆர்டரை வாங்கி, சீலைத் தடவிப் பார்த்து, "சரியாத்தான் இருக்குது" என்று உள்ளே நீட்டினார். அக்கா ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அங்கே நிற்கவில்லை.

ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். கரித்தது. விருந்தாளி மரியாதைக்கு முகத்தை அப்படியே வைத்துக்கொண்டேன்.

"நடிக்காதீங்க சார்," என்றார் அக்கா. "எனக்கும் இப்ப எறங்க மாட்டேங்குது. ரெண்டு வாரமா. இத்தினி வருசம் இதத்தான் குடிச்சேன்னு நெனச்சா கோவமா வருது."

அப்போது அவர் மகள் நிவேதா விளையாடிவிட்டு உள்ளே வந்தாள். ஏழாவது படிக்கிறாள். அக்கா இரண்டு டம்ளரை எடுத்தார். ஒன்றில் ஆலையிலிருந்து கொண்டுவந்த கேன் தண்ணீர், ஒன்றில் தெருக்குழாய் தண்ணீர். மகள் முன்னால் வைத்தார்.

"ரெண்டையும் குடிச்சிட்டு எது நல்லாயிருக்குன்னு சொல்லு. மார்க்கு போடணும்."

அந்தப் பெண் கேன் தண்ணீரில் ஒரு வாய் குடித்து மூக்கைச் சுருக்கினாள். "சப்புனு இருக்குது. நாலு." குழாய்த் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். "இதுதாம்மா நல்லா இருக்குது. ஒம்போது."

பாலகுரு சிரித்தார். "பாத்தியா, உம் பொண்ணும் டேஸ்டர்தான்."

அக்கா சிரிக்கவில்லை. கவிழ்ந்த டம்ளரை எடுத்து, அடியில் ஒட்டியிருந்ததை நாக்கில் விட்டுப் பார்த்தார். ஆர்டரை நாலாக மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார். அதை யார் யாரிடம் காட்டுவேன் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று ஒருவர் பெயரையும் சொல்லவில்லை.

நான் கிளம்பும்போது பைக் வரைக்கும் வந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணப் போனவனை நிறுத்திக் கேட்டார்:

"பீருக்கு ரெண்டே நாள்ல மெம்பரேன் மாத்துனீங்க இல்ல சார்?"

"ஆமாக்கா" என்றேன். வண்டியைக் கிளப்பினேன். சொம்புத் தண்ணீரின் உப்பு கூனிமேடு தாண்டும் வரைக்கும் நாக்கில் இருந்தது.